வெள்ளை மணலுக்குக் கரி

மண் என்றால் கறுப்பாக இருக்க வேண்டும். இதில் எனக்கு என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை. நான் பிறந்து வளர்ந்தது கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காட்டில். மழை பெய்தால் செருப்பைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்ளும். வெயில் ஏறினால் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். முரட்டு மண்தான். ஆனால் வாங்கிய ஈரத்தை லேசில் விடாது. நாலு மழை கிடைத்தால் அதை வைத்துக்கொண்டே பருத்தியையும் கம்பையும் கரையேற்றிவிடும். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்தவளுக்குக் கொஞ்சம் திமிர் இருக்கத்தானே செய்யும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆராய்ச்சி மையம் ஒன்றில் டெக்னீஷியன் வேலை கிடைத்து, சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்துக் குடியிருப்பில் வந்து சேர்ந்தேன். செங்கல்பட்டில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் தாண்டி, கடல் நெருங்க நெருங்க ஜன்னலுக்கு வெளியே நிலம் வெளுத்துக்கொண்டே வந்தது. சவுக்குத் தோப்புக்கு அடியில் சர்க்கரையைக் கொட்டி வைத்தது மாதிரி வெள்ளை மணல். "இதுல என்னத்த வெளைய வைக்காங்க?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன், உங்க ஊர்ல தங்கமா வெளையுது?" என்றாள்.

மறுநாள் மையத்துக் கேன்டீனில் தட்டை நீட்டினால் எதிரே அதே பெண் நிற்கிறாள். என்னை அடையாளம் கண்டுகொண்டு, இருந்ததிலேயே சின்ன வடையாகப் பார்த்துப் பொறுக்கி என் தட்டில் வைத்தாள். எங்கள் சிநேகம் அப்படித்தான் தொடங்கியது.

அவள் பேச்சு எனக்கும் என் பேச்சு அவளுக்கும் பிடிபடச் சில மாதங்கள் ஆயின. நான் "அங்கன கெடக்கு" என்றால் அவள் சிரிப்பாள். அவள் "வூட்டாண்ட கீது" என்றால் நான் சிரிப்பேன். சிரித்துச் சிரித்தே நெருங்கிவிட்டோம். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், அதனால் அக்கா என்பாள். ஆனால் அந்த அக்காவில் மரியாதையைத் தேடினால் கிடைக்காது.

அவள் ஆட்களும் சரி, அவள் புருஷனுடைய ஆட்களும் சரி, தலைமுறை தலைமுறையாக மற்றவர்கள் வயலில் நாற்று நட்டு, களை பறித்து, அறுத்துக் கொடுத்து வந்தவர்கள். அவள் மாமனார் காலத்தில்தான் கடலோரக் கால்வாய்க்குக் கிழக்கே சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு துண்டு நிலம் பட்டாவோடு கைக்கு வந்தது. "நல்ல நெலத்த எவன் குடுப்பான்? மணல குடுத்தாங்க" என்பாள். ஆனாலும் அந்த மணலைப் பற்றிச் சொல்லும்போது அவள் முகமே வேறாகிவிடும். கேன்டீன் வேலை முடிந்து நேராக அங்கேதான் போவாள். வேர்க்கடலை போட்டுப் பார்த்தாள், கீரை போட்டுப் பார்த்தாள், மிளகாய் போட்டுப் பார்த்தாள். உறைகிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து ஊற்றுவாள். ஊற்றிய தண்ணீர் அவள் குடத்தை நிமிர்த்துவதற்குள் காணாமல் போய்விடும். போட்ட எருவும் அடுத்த மழையோடு கீழே இறங்கிவிடும்.

"அடியில எவனோ குந்திகினு உறிஞ்சறான்க்கா" என்பாள்.

அவள் புருஷனுக்கு வெல்டிங் வேலை. கான்ட்ராக்ட் எங்கே கிடைக்கிறதோ அங்கே போவான். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் புதிதாக வந்த கம்பெனிகளில்தான் பெரும்பாலும் வேலை. நல்ல மனுஷன், குடி கிடையாது, பெண்டாட்டியை அடுத்தவர் முன்னால் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டான். ஆனால் அந்த நிலத்தில் மட்டும் கால் வைக்க மாட்டான். எப்போதாவது வந்தால் வரப்போரமாக ஷூவோடு நிற்பான். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பான், போய்விடுவான். அவன் குனிந்து ஒருநாளும் பார்த்ததில்லை என்று அவள் கேலி செய்வாள். பொருள் எதுவும் கீழே விழுந்தால்கூட உட்கார்ந்துதான் எடுப்பானாம். "வெல்டிங் மட்டும் எப்படிப் பண்ணுதாரு?" என்று கேட்டேன். "அதுக்கு ஸ்டூல் வெச்சிகினு கீறான்" என்றாள்.

அவன் ஏன் அப்படி இருக்கிறான் என்று அவனே ஒருநாள் எனக்குச் சொன்னான். "எங்கப்பன் குனிஞ்சே செத்தான்க்கா. எங்கம்மாவுக்கு கடைசில நிமிரவே வரல. கூன் வுழுந்து தரைய பாத்துகினேதான் நடந்துச்சு. எங்க வூட்ல இனிமே எவனும் குனியக்கூடாது. மண்ணுன்னாலே எனக்குப் பேஜாரு." அவன் சொன்னதில் தப்பே இல்லை. அவளிடம் இதைச் சொன்னபோது, "அவுங்க குனிஞ்சது அடுத்தவன் நெலத்துல. இது நம்முது" என்றாள். அதிலும் தப்பில்லை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிற சண்டையில் மாட்டிக்கொள்வதைப்போல அவஸ்தை வேறு கிடையாது.

இரண்டாயிரம் பிறந்ததும் எல்லாம் வேகமெடுத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானது. கேளம்பாக்கத்தில் அடுக்குமாடிகள் எழும்பின. மாமல்லபுரத்திலிருந்து எங்கள் பக்கம் வரை வழியெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களும் கலர்க் கொடிகளும் நட்டுக்கொண்டே வந்தார்கள். அவள் நிலத்துக்கு வடக்கே இருந்த துண்டெல்லாம் பிளாட்டாகிவிட்டது. பிளாட்காரர் ஒருவர் ஜீப்பில் வந்து, இதையும் கொடுத்தால் சாலை நேராகப் போகும் என்றார். அவள் புருஷன் சரி என்று சொல்கிற நிலைமைக்கு வந்துவிட்டான்.

ஆனி மாதம் என்று நினைக்கிறேன். டீ நேரத்தில் கேன்டீனுக்குப் போனால் அவள் கண் சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கினேன் என்றாள். அன்றைக்குப் போட்டிருந்தது பிரெட் ஜாம்.

"சித்திர வரைக்கும் டைம் குடுத்துகீறான் எங்கூட்டுக்காரன். அதுக்குள்ள அந்த நெலத்துலேர்ந்து எதுனா ஒண்ணு வெளைய வெச்சிக் காட்டணுமாம். இல்லன்னா கையெழுத்துப் போட்டுடுவானாம். நானும் கம்முனு இருக்கணுமாம். சரின்ட்டேன்க்கா. வேற இன்னா பண்றது?"

நான் யோசிக்கவே இல்லை. "கரி போடு" என்றேன்.

இது வாய்க்கு வந்ததைச் சொன்னதல்ல. எங்கள் ஊர்ப்பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மேலே மண்ணைப் பூசி மூட்டம் போட்டுக் கரி எடுப்பார்கள். மூட்டம் பிரித்த இடத்தில் தூளும் பொடியும் மிஞ்சிக் கிடக்கும். அடுத்த மழைக்கு அந்த இடத்தை மட்டும் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும் பயிர். சுற்றிலும் கம்பு முழங்கால் உயரம் நின்றால் அங்கே மட்டும் இடுப்புயரம் நிற்கும். வெயிலில் மற்றது துவண்டாலும் அது துவளாது. சின்ன வயதில் அதற்குள் ஒளிந்து விளையாடியிருக்கிறேன். கரிசலிலேயே இந்த வித்தை காட்டுகிற கரி, இந்த மணலில் என்னவெல்லாம் செய்யும்? எனக்குத் தெரிந்துவிட்டது. ஈரத்தையும் எருவையும் பிடித்து வைக்க மணலுக்குள் ஒரு பொருள் வேண்டும், அது கரி. ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை.

"இஸ்திரி பொட்டில போட்ற கரியா?" என்றாள்.

"அதேதான் தாயி."

விறகுக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. பக்கத்துத் தோப்பில் அப்போதுதான் சவுக்கு வெட்டியிருந்தார்கள். மரம் லாரியில் போய்விட்டது, வேர்க்கட்டை விறகுக் கடைக்குப் போய்விட்டது. ஒன்றுக்கும் உதவாத சுள்ளியும் கிளையும் மலையாகக் குவிந்து கிடந்தன. வழக்கமாக அதை அப்படியே கொளுத்திவிடுவார்கள். வானத்தை மறைத்துக்கொண்டு புகை போகும், மிச்சம் சாம்பல். எங்களுக்கு வேண்டும் என்றதும் தோப்புக்காரர் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நான் தலைமை தாங்கினேன். சுள்ளியை எப்படி அடுக்க வேண்டும், நடுவில் எப்படித் துளை விட வேண்டும், மேலே தழை போட்டு எப்படி மண் மூட வேண்டும் என்று உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் வாயைத் திறக்காமல் செய்தாள். அதிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். தீ வைத்ததும் வெள்ளைப் புகை அழகாக எழும்பியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் மூட்டத்தின் ஒரு பக்கத்து மணல் சரசரவென்று சரிந்தது. அந்த ஓட்டையை அடைப்பதற்குள் இன்னொரு பக்கம் சரிந்தது. கரிசல் மண்ணைப் பூசினால் ஒட்டிக்கொண்டு நிற்கும், மணலைப் பூச முடியுமா? காற்று உள்ளே புகுந்து குபீரென்று பிடித்துக்கொண்டது. மாலையில் எங்களுக்கு மிஞ்சியது வெள்ளைச் சாம்பல். என் புருவத்திலும் கொஞ்சம் போய்விட்டது.

அவள் மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மூட்டம் போட மண்ணு வோணும்க்கா. எங்களாண்ட கீறது மணலு, இதுக்குக் குழிதான்."

அடுத்த வாரம் குழி வெட்டினோம். இது அவள் யோசனை. மணலை நனைத்து நனைத்து வெட்டினால் சுவர் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். குழிக்கு அடியில் தீ மூட்டி, சுள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே வந்தோம். ஒரு அடுக்கு சிவந்து சாம்பல் பூக்க ஆரம்பித்ததும் அதை மூடி அடுத்த அடுக்கு. மேலே ஜ்வாலை எரிவதால் கீழே இருப்பதற்குக் காற்று கிடைக்காது, கரியாகவே நிற்கும். புகையும் குறைவு. குழி நிறைந்ததும் அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் விடிவதற்குள் எல்லாம் சாம்பல்.

எங்கே சறுக்கினோம் என்றால் இங்கேதான். அந்தக் கரையில் நல்ல தண்ணீருக்கு இருக்கிற மதிப்பு தெரிந்தவர்களுக்குத்தான் இது புரியும். உறைகிணற்றுத் தண்ணீர் குடிக்க, சமைக்க, செடிக்கு. பாத்திரத்தின் முதல் கழுவல்கூட உப்புத் தண்ணீரில்தான். அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் நெருப்பில் ஊற்றுவதா? அவளுக்கு மனசு வரவில்லை. எங்கள் ஊரிலோ தண்ணீர் என்றாலே தங்கம். எனக்கும் வரவில்லை. கடல் ஏற்றத்துக்கு ஏறி இறங்கும் கால்வாய் கூப்பிடு தூரத்தில் தளும்பிக்கொண்டு கிடந்தது. யார் முதலில் சொன்னது என்றுகூட நினைவில்லை. இரண்டு பேரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க்கு நடந்தோம். சுடச்சுட இருந்த கரி மேல் அந்தத் தண்ணீரை ஊற்ற ஊற்ற, புஸ்ஸென்று ஆவி கிளம்ப, அது குடித்துத் தீர்த்தது.

எங்களுக்கு ஒரே பெருமை. சாக்குச் சாக்காகக் கரி. அதை உடைத்துப் பொடித்து, சாணி எருவோடு கலந்து, ஆவணியில் கத்தரி நாற்று நட்டோம். அவள் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்வாள். முதலில் நிமிர்ந்தது என்றாள். அப்புறம் இலையோரம் பழுப்பாகிறது என்றாள். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, நெருப்பில் வாட்டி எடுத்த மாதிரி இலையெல்லாம் சுருண்டு கருகி நின்றது. வழக்கத்தைவிட மோசம். வெறும் மணலில் நட்டிருந்தால்கூட இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும்.

நான் நாற்றைக் குறை சொன்னேன், வெயிலைக் குறை சொன்னேன், பக்கத்து வீட்டு ஆட்டைக் குறை சொன்னேன். கரியைச் சொல்லவே இல்லை. அவளும் சொல்லவில்லை, ஆனால் சில நாட்கள் எனக்குச் சின்ன வடையாக விழுந்தது.

பிறகு ஒரு காலை, குடியிருப்பில் என் வீட்டு வாசலில் வந்து நின்று கதவை இடித்தாள். திறந்தால், உதடெல்லாம் கறுப்பு, பல்லெல்லாம் கறுப்பு. பயந்தே போனேன்.

"அக்கா, இத வாயில போடு" என்று ஒரு கரித்துண்டை நீட்டினாள்.

"ஏ, காலங்காத்தால என்னட்டி இது?"

"போடுன்றேன்ல."

நாக்கில் வைத்தேன். உப்பு. கடல் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தது மாதிரி உப்பு. வீட்டில் பேஸ்ட் தீர்ந்துபோய், சாக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பல் விளக்கியிருக்கிறாள். விளக்கியவள் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் ஓடி வந்திருக்கிறாள். அந்த வாசலிலேயே இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. கரி எதைக் கொடுத்தாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். நாங்கள் உப்பைக் கொடுத்தோம், அதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டு கத்தரிச் செடிக்குப் பரிமாறியிருக்கிறது.

அவள் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். கரி தின்ற வாயோடு அழுகிறவளைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. "இனிமே எங்கக்கா டைம் கீது? அவ்ளோதான், கையெழுத்துப் போட்டுடுவான்" என்றாள். எனக்கோ சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. என்ன தப்பு என்று தெரியாமல் இருந்ததுதான் என்னைப் படுத்தியது. தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன? "கரி சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு, நாமதான் தப்பானதைக் குடுத்துட்டோம். உப்பைப் பிடிச்சது எருவையும் பிடிக்கும். மொதல்ல கழுவுவோம்" என்றேன். எதில் கழுவுவது என்றாள். நான் வானத்தைக் காட்டினேன். ஐப்பசி பிறக்க இருந்தது.

அந்த வருஷம் மழை எங்களை ஏமாற்றவில்லை. மிச்சமிருந்த கரியை மேட்டில் மெல்லிசாகப் பரப்பி விட்டோம். வேறு யாராவது பார்த்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் போய் ஆளுக்கொரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்போம். உப்பு குறைந்துகொண்டே வந்தது. கார்த்திகையில் வெறும் கரியின் ருசிதான் இருந்தது, அதாவது ஒரு ருசியும் இல்லை. கூடவே புதிதாக இரண்டு குழி போட்டு எரித்து, இந்த முறை மழைத் தண்ணீரால் அணைத்தோம். எல்லாவற்றையும் ஒரு பள்ளத்தில் கொட்டி, தெரிந்த வீட்டு மாட்டுக் கொட்டகைச் சாணியையும் கோமியத்தையும் சுமந்து வந்து கரைத்து ஊறப் போட்டோம். நாற்றம் குடலைப் பிடுங்கியது. நான் குடியிருப்புக்குத் திரும்பினால் லிஃப்டில் ஆட்கள் ஏற மாட்டார்கள்.

கரி ஊறிக்கொண்டிருந்த நாட்களில்தான் எங்கள் மையத்து நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படித்தேன். அமேசான் காட்டில் பழங்காலத்து மக்கள் மண்ணில் போட்ட கரி இன்னும் அப்படியே கறுப்பாகக் கிடக்கிறதாம். மரம் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்து வைப்பதை நாம் கொளுத்தினால் அது திரும்பவும் காற்றுக்கே போய், உலகத்தைச் சூடாக்குவதில் சேர்ந்துகொள்கிறது. அதையே கரியாக்கிப் புதைத்தால் ஒரு பங்கு நிலத்திலேயே தங்கிவிடுகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டீ நேரத்தில் ஓடிப்போய் அவளிடம் சொன்னேன்.

அவள் அகப்பையை வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டாள். "அப்ப மேல போவ வேண்டிய பொகைய நாம நெலத்துல பூட்டி வெச்சிகீறோம்னு சொல்லு."

"அம்புட்டுதான்."

"சர்தான். மொத மூட்டத்துல நீ வுட்டியே ஒரு பொகை, அது எந்தக் கணக்குல வரும்?"

மார்கழியில் தர்பூசணிக்குக் குழி எடுத்தோம். இந்த மணலுக்கு ஏற்ற பயிர் அதுதான். ஆனால் தண்ணீர் வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் ஊறிய கரியில் ஒரு கூடை. கிணற்றுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து சாலைப் பக்கமாகப் போட்டுக்கொண்டே வந்தோம். கடைசியில் கரி தீர்ந்துவிட்டது. சாலையோரத்துக் குழிகளுக்கு வெறும் எருவோடு நிறுத்திக்கொண்டோம். எனக்கு அதில் சம்மதம்தான். போட்டது எப்படி வருகிறது, போடாதது எப்படி வருகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஆய்வகத்துப் பழக்கம். அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ஒரு புள்ளைக்குப் பிரியாணி போட்டு, இன்னொண்ணுக்குக் கஞ்சி ஊத்தறோமே" என்றாள்.

மாசி வரைக்கும் எல்லாக் கொடியும் ஒன்றுபோலவே ஓடின. பங்குனி வெயில் ஆரம்பித்ததும் உறைகிணறு கீழே போய்விட்டது. தினமும் ஊற்றிய இடத்தில் விட்டு விட்டுத்தான் ஊற்ற முடிந்தது. அப்போது தெரிந்தது வித்தியாசம். சாலையோரத்துக் கொடிகள் காலை பத்து மணிக்கே இலையைத் தொங்கப் போட்டுவிடும். உள்ளே, கரி போட்ட இடத்தில், உச்சி வெயிலிலும் இலை விரிந்து நிற்கும். கொடிக்கு அடியில் காய்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு பெருத்தன.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சாலையில் போகிறவர்களுக்குக் கண்ணில் படுவது அந்த வாடின வரிசைதான். அவள் புருஷன் வரப்பைத் தாண்டி உள்ளே வருகிறவன் இல்லை.

பங்குனி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தோம். நான் கொடிகளுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தேன். நடுப்பகல். ஜீப் வந்து நின்றது. பிளாட்காரரும் அவனும் இறங்கினார்கள். பிளாட்காரர் ஜீப்போடு சாய்ந்து நின்றுகொள்ள, அவன் மட்டும் வழக்கம்போல வரப்போரம் வந்து நின்று கண்ணைச் சுருக்கினான். எதிரே சுருண்டு கிடந்த இலைகள். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. நினைத்ததுதான் என்கிற ஒரு களைப்பு.

"பாத்துட்டேன்மே" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "நீ பட்ட பாடெல்லாம் எனக்குத் தெரியும். போதும், வுட்ரு."

அவள் கிணற்றடியில் நின்றிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கெஞ்சுவாள் என்று நினைத்தேன். இல்லை, அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அங்க நின்னுகினு இன்னாத்த பாத்த நீ? வெளையற எடம் இங்க கீது. கையெழுத்துப் போடறதுன்னா போடு. ஆனா வந்து ஒரு காயத் தூக்கிகினு போய்ப் போடு. நான் எடுத்துக் குடுக்க மாட்டேன்." சொல்லிவிட்டு அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

அவன் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் சண்டையைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ, வரப்பைத் தாண்டினான். ஷூவோடுதான். வாடின வரிசைகளைத் தாண்டி நடந்தவன் நடை பாதியில் குறைந்தது. இலை காலில் உரசியது. கீழே பார்த்தான், பின்னால் திரும்பிப் பார்த்தான், மறுபடி கீழே பார்த்தான். பச்சைக்குள் கிடந்த காய் ஒன்றைத் தூக்கக் குனிந்தான்.

ஆமாம், குனிந்தான். அவள் திரும்பியிருந்ததால் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கப் போனவன், காயை விட்டுவிட்டு, அது கிடந்த இடத்து மண்ணுக்குள் விரலை விட்டான். மணிக்கட்டு வரைக்கும் விட்டான். அந்த வெயிலில், அந்த மணலில், அவன் கை கறுப்பாக ஈரத்தோடு வெளியே வந்தது. அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தான். பேன்ட்டில் துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னா அண்ணாத்த, கெளம்பலாமா? ரெஜிஸ்டர் ஆபீஸ் மூடிடுவான்" என்று ஜீப்பிலிருந்து குரல் வந்தது.

"இரு நைனா" என்றான் அவன், திரும்பாமலேயே.

எழுந்தவன் விடுவிடுவென்று சாலைப் பக்கம் நடந்தான். போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வாடின வரிசையில் நின்று, மறுபடி குனிந்து, அந்தக் குழியிலும் கையை விட்டான். வெள்ளை மணல் விரலிடுக்கில் உலர்ந்து கொட்டியது. அவன் குரலில் எப்போதும் இல்லாத கோபம்.

"ஏமே! இங்க ஏன் போடல?"

அவள் திரும்பினாள். அவன் குழிக்கு முன்னால் முதுகை வளைத்து நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"கரி பத்தல."

"பத்தலன்னா சொல்றதில்லையா? கரி சுட மூடி வெச்ச மாரி ரெண்டு டிரம்மு வெட்டி வெல்டு பண்ணிக் குடுத்திருப்பேன்ல? வெல்டரு பொண்டாட்டி, குழி தோண்டிகினு கீறா பாரு."

எதற்கும் உடனே எதிர்ப்பேச்சுப் பேசுகிறவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் வைக்கோலைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன், வெட்கமே இல்லாமல். பிளாட்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார். அவன் அதைக் கவனிக்கவில்லை. ஷூவைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, அந்த வாடின வரிசைக்கு ஊற்ற ஒரு குடத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.